சீர் பீரோவும் நூற்றிருபது டிகிரியும்

நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது பதினாறு கட்டம் போட்ட ஒரு தாள். பதினாறிலும் ஒரே எண்ணை, நீல மையில், குண்டு குண்டாக எழுதியிருந்தேன். அதைத் தாராவியில் படித்திருக்கிறார்கள், செம்பூரில் படித்திருக்கிறார்கள். மாட்டுங்காக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் படித்தார். என் உரைநடைக் கவிதைத் தொகுப்புகள் இரண்டுக்கும் சேர்த்துக்கூட அத்தனை வாசகர்கள் கிடைத்ததில்லை. (மிச்சப் பிரதிகள் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கட்டில் ஆடாமல் நிற்பதால் மனைவிக்கு அவற்றின்மேல் மரியாதை உண்டு.)

அந்தத் தாளில் இருந்த பதினாறில் பதினைந்து பொய். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வாய் பிளந்து நின்றேன், அவ்வளவுதான். எதைக் கண்டாலும் அதிசயப்படுகிற மனசு வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரையாவது எங்கள் இசக்கியின் பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

இசக்கி என் தங்கை. அவளும் அவள் கணவன் சுடலையும் தாராவியில் பைபர் பட்டறை வைத்திருக்கிறார்கள். கண்ணாடியிழைத் துணியைப் பிசினில் தோய்த்து, அச்சுக்குள் அடுக்கி, இறுக விட்டு எடுக்கிற வேலை. துணிக்கடை பொம்மைகள், ஹோட்டல் வாசல் பூந்தொட்டிகள், கணபதி பந்தலுக்கு வேண்டிய தூண்கள், யானைத் தலைகள். அந்தச் சந்துக்கு முதல் முறை வருகிறவர்கள் கொஞ்சம் திடுக்கிடுவார்கள். தலையில்லாத பத்துப் பெண்கள் சுவரோரம் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். தலைகள் தனியாக ஒரு டிரம்முக்குள் கிடந்து வானத்தைப் பார்க்கும்.

கணபதிக்கு முந்தைய மூன்று மாதம் அங்கே மூச்சு விட நேரமிருக்காது. விழா முடிந்த மறுநாள் பட்டறை அப்படியே அடங்கிவிடும். இசக்கியிடம் வேலை பார்க்கும் நான்கு பெண்களிடமும் அவள் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்: "கூப்பிடும்போது வாங்க." வருஷா வருஷம் அதைச் சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். முழங்கையில் ஒட்டிய பிசினைச் சுரண்டிக்கொண்டே சொல்வாள்.

இந்தக் கதை நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. (இளமை என்று சொல்ல முடியாது. புத்தி மட்டும் இளமையாக இருந்தது.) செம்பூரில் வீடு, கோட்டைப் பக்கம் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, வீடு திரும்பும் வழியில் இறங்கித் தங்கையின் பட்டறையில் ஒரு டீ. அப்படி ஒரு மாலை உட்கார்ந்திருந்தபோதுதான் விஸ்வநாதன் சார் வந்தார். ஓய்வுபெற்ற எஞ்சினியர், எழுபதை நெருங்குகிறவர். தினமும் காலையில் மாட்டுங்காவிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் செம்பூரில் தன் சைக்கிள் கடையைத் திறப்பார். பாகங்களை வாங்கி அவரே வண்டி பூட்டி விற்பார். பூந்தொட்டி வாங்க வந்தவர், தொட்டியை விட்டுவிட்டு ஒரு பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். (நாடி பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.) எவ்வளவு மெல்லிசு, ஒரு குமிழிகூட இல்லையே, யார் பண்ணினது என்று கேட்டார். இசக்கி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"சைக்கிளுக்கு ரிம் பண்ணுவேளா?" என்றார்.

மழைக்காலத்தில் இந்த ஊர்ப் பள்ளங்களில் விழுந்து விழுந்து அலுமினிய ரிம்கள் அப்பளமாகின்றன என்பது அவருடைய துக்கம். இழையில் செய்த ரிம் வேண்டும். எந்த இழை என்பதுதான் கேள்வி. கண்ணாடி, கார்பன், பாசால்ட் என்று மூன்று துணி அவர் வாங்கித் தருவார். ஒரே அச்சு, ஒரே பிசின், முன்சக்கரத்துக்கு மூன்று ரிம். ஒரு சரிவில், பிரேக்கைப் பிடித்தபடியே, ஒவ்வொன்றையும் பத்து முறை இறக்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மின் விளிம்பைத்தான் கவ்வும், தேய்க்கும், சுட வைக்கும். அதைத் தாங்கினால்தான் ரிம். தேறியது எதுவோ அதற்கு வருஷம் முழுக்க ஆர்டர்.

'வருஷம் முழுக்க' என்ற இரண்டு சொற்கள் பட்டறைக்குள் விழுந்ததும், பிசின் கலக்கிக்கொண்டிருந்த நான்கு குச்சிகளும் ஒரே நேரத்தில் நின்றன.

எடை, விறைப்பு, அடி தாங்குவது, பிரேக் சூடு என்று கட்டம் போட்ட ஒரு படிவத்தையும் சார் கொடுத்தார். இதையெல்லாம் ஒழுங்காகக் குறித்து வைக்க ஆள் உண்டா என்று கேட்டார். இசக்கி என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசும்.

"எங்கண்ணன் எழுதும் சார். புஸ்தகமே எழுதிருக்கு."

துணிச் சுருள்கள் வந்த நாளில் நான் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டேன். கண்ணாடியிழை எனக்குப் பழக்கம். வெள்ளை வெளேரென்று பட்டு மாதிரி வழியும், தொட்டால் மூன்று நாள் அரிக்கும். கார்பன் வேறு ஜாதி. கருப்புக்குள் கருப்பு. இந்தப் பக்கம் சாய்த்தால் குறுக்கிழை மின்னி நெடுக்கிழை அணையும், அந்தப் பக்கம் சாய்த்தால் இது அணைந்து அது மின்னும். இரவை யாரோ தறியில் ஏற்றி நெய்துவிட்டார்கள் என்று தோன்றியது. (அப்போதே நோட்டில் எழுதினேன். இன்றும் அந்த வரியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.)

பாசால்ட்டைப் பார்த்தபோது தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேன்பாகு நிறத்தில், பழுப்பும் பொன்னுமாக ஒரு துணி. அது கல் என்றார் சார். எரிமலை கக்கி ஆறிப்போன கருங்கல்லைத் திரும்ப உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய நூலாக இழுத்து நெய்தது. இந்த மும்பையே அந்தக் கல்லின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ரயில் தண்டவாளத்தில் கொட்டிக் கிடக்கிற ஜல்லியும் அதேதான் என்றார். அன்று வீடு திரும்பும்போது குர்லா ஸ்டேஷனில் தண்டவாளத்தைப் பார்த்து நின்றேன். ஆயிரமாயிரம் ஜல்லிக் கற்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சேலை. இரண்டு ரயிலைத் தவறவிட்டேன்.

ரிம் செய்வதைப் பார்ப்பதும் ஒரு திருவிழாதான். பிசினில் தோய்ந்த துணிப் பட்டைகளை வட்ட அச்சுக்குள் ஒவ்வொரு அடுக்காக வைத்து, நடுவில் ஒரு சைக்கிள் டியூபைப் பொதித்து, மேல் அச்சை மூடிக் காற்றடிப்பார்கள். டியூப் உப்பி உள்ளேயிருந்து துணியைச் சுவரோடு தள்ளி அழுத்தும். ஒருநாள் இறுகியதும் வெளியே எடுத்தால், பிறந்த குழந்தை மாதிரி ஈரம் காயாத பளபளப்புடன் ரிம் வரும். இசக்கியின் விரல் அதன்மேல் ஒரு சுற்று ஓடும். எங்கே குமிழி, எங்கே ஒரு இழை மடிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள்.

ஒப்பிட ஆரம்பித்தேன். காய்கறித் தராசில் வைத்தால், கண்ணாடி ரிம்முக்கும் கார்பன் ரிம்முக்கும் நடுவே ஒரு நல்ல மாம்பழத்தின் எடை வித்தியாசம். இரண்டு கையாலும் அழுத்தினால் கண்ணாடி வளைந்து கொடுத்து, விட்டதும் நிமிரும். கார்பன் அசையாது. துண்டுகளை எடுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். கண்ணாடி 'டொக்' என்று வாங்கிக்கொண்டது. கார்பன் தாங்கியது, தாங்கியது, தாங்கியது, பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் உடைந்தது. (எங்கள் பெரியப்பா இப்படித்தான் வீட்டை விட்டுப் போனார்.) பாசால்ட் எடையில் கண்ணாடியை ஒட்டி, விறைப்பில் அதற்கு ஒரு படி மேலே, அடிக்கு அசராமல் நின்றது. இவ்வளவும் எழுதியவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். சாரின் படிவத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டேன். தலைப்பு: 'ஆன்மா'.

கார்பனுக்கு நேராக அதில் ஒன்றரைப் பக்கம் எழுதி, தாள் போதாமல் பின்னால் ஒட்டுத்தாள் வைத்தேன். பாசால்ட் கல்தான், மரியாதை உண்டு. ஆனால் மனசைப் பறித்தது கார்பன். அது ஜெயிக்கும் என்று ரகசியமாக முடிவுகட்டியிருந்தேன்.

இனி பீரோ. ரிம் அச்சிலிருந்து வந்ததும் வேலை முடிந்துவிடாது. பிசினுக்குச் சூடு தாங்கும் பலம் வர வேண்டுமானால் நூற்றிருபது டிகிரியில் எட்டு மணி நேரம் அது வேக வேண்டும். பெரிய கம்பெனிகளில் அதற்கென்று அடுப்பு உண்டு. இசக்கியிடம் இருந்தது ஒரு இரும்பு பீரோ. அவள் கல்யாணத்துக்கு நான் சீராகக் கொடுத்த பீரோ. பூ சுற்றிய டெம்போவில், கண்ணாடியில் தெரு முழுக்கத் தெரிய, சந்துக்குள் ஊர்வலம் வந்த பீரோ. அதன் சாவியை வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து நானே சுடலையின் கையில் கொடுத்தேன். இரண்டே வருஷத்தில் தங்கச்சி சேலைகளை டிரங்குப் பெட்டிக்கு மாற்றிவிட்டாள். தட்டுகளைப் பிடுங்கி, கண்ணாடியைக் கழற்றி, உள்ளே முழுக்கச் சூடு தாங்கும் கம்பளி ஒட்டி, அடியில் ஹீட்டர் காயிலும் ஒரு குட்டி ஃபேனும் வைத்து, கதவில் டிகிரி காட்டும் மீட்டர் பதித்துவிட்டாள். சீர் கொடுத்த அண்ணனுக்கு நெஞ்சு வலிக்குமா வலிக்காதா? வலித்தது. அதே சமயம், அது என் பீரோ என்ற திமிரும் உள்ளே ஒரு மூலையில் இருந்தது.

கண்ணாடியையும் பாசால்ட்டையும் இசக்கியே சுட்டு எடுத்தாள். கார்பன் வேகவேண்டிய ஞாயிற்றுக்கிழமை, கோவண்டியில் சுடலையின் தங்கைக்கு வளைகாப்பு. பட்டறையே கிளம்பியது. காவலுக்கு நான்.

"கதவ மட்டும் தொறந்துராதண்ணே," என்றாள் இசக்கி, தலையில் பூ வைத்துக்கொண்டே. "அர மணிக்கு ஒருக்க மீட்டரப் பாத்து, என்ன நம்பர் நிக்கோ அத எழுது. இட்லிச் சட்டி மாதிரி நெனச்சுக்கோ. நடுவுல தொறந்தா போச்சு."

"எனக்குத் தெரியாதா?"

"ஒனக்கு எல்லாம் தெரியும். அதான் பயமா இருக்கு."

பத்து மணிக்கு அவர்கள் போனார்கள். பத்தரைக்கு மீட்டர் நூற்றிருபது காட்டியது. முதல் கட்டத்தில் 120 என்று எழுதினேன். அது சத்தியம். பத்தே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன்.

ஒரே ஒரு விரற்கடை, சத்தியமாக. சூடு முகத்தில் அறைந்தது. உள்ளே ஹீட்டர் காயில் செம்பருத்தி மாதிரி கனன்றுகொண்டிருந்தது. அந்தச் சிவப்பு, கம்பியில் தொங்கிய கருப்பு வளையத்தின் ஒவ்வொரு இழையிலும் ஏறி இறங்கியது. கிரகணத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எப்படி இருக்கும்? மூடினேன். மீட்டர் எண்பதுக்கு விழுந்திருந்தது. ஏறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொன்றுக்கு மறுபடி திறந்தேன். சும்மா பார்க்க இல்லை, முன்பு பார்த்தது நிஜம்தானா என்று சரிபார்க்க. பிறகு, அடுப்பின் நிறம் மாறியிருக்கிறதா என்று. பிறகு, ஃபேன் சுற்றும்போது வளையம் லேசாக ஆடுகிறதா என்று. பன்னிரண்டு மணிக்குக் காரணம் தேடுவதை நிறுத்திவிட்டேன். திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன், நோட்டில் ஒரு வரி எழுதுவேன். அந்த வரி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி திறப்பேன். மீட்டர் பாவம், எழுபத்தைந்துக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவே லோக்கல் ரயில் மாதிரி போய்ப் போய் வந்தது.

நாலு மணிக்குத்தான் பதினாறு கட்டத் தாள் ஞாபகம் வந்தது. அதில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது. மிச்சப் பதினைந்தில் என்ன எழுதுவது? எந்த எண்ணை எழுதியிருக்க வேண்டுமோ அதை எழுதினேன். 120. 120. 120. எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் பயத்தில் கதவைத் தொடவில்லை. ஆறு மணிக்கு வளையல் சத்தத்தோடு எல்லோரும் திரும்பியபோது மீட்டர் நல்ல பிள்ளையாக நூற்றுப்பத்தொன்பதில் நின்றது. சுடலை தாளை வாங்கிப் பார்க்காமலே ஃபைலில் சொருகினான். இசக்கி எனக்கு வளைகாப்புச் சாதம் ஐந்து வகையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாப்பிட்டேன். தயிர்சாதத்தை மட்டும் மிச்சம் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை, டிராம்பே பக்கம், கழிமுகத்தை நோக்கி இறங்கும் ஒரு ரோட்டுக்குப் போனோம். ஒரே சைக்கிள், சாருடையது. மாற்றி மாற்றிப் பூட்ட மூன்று முன்சக்கரம். சைக்கிளை ஓட்டிப் பார்க்க சார் தன் கடையிலிருந்து ஒருவரை வரச் சொல்லியிருந்தார். கார்பனை நான்தான் ஓட்டுவேன் என்று நின்றேன். அதற்கென்று பக்கத்து ஃப்ளாட்டில் இரவல் வாங்கிய சைக்கிள் ஓட்டும் டிரவுசரும் போட்டிருந்தேன். (உடம்போடு ஒட்டும் ரகம். என்னைப் பார்த்ததும் சுடலை கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.) ஏறுவதற்கு முன்பு கார்பனைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். இரவு, தறி, கிரகணம் எல்லாம் வந்தது. சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார்.

முதல் முறை இறங்கினேன். அற்புதம். சக்கரம் இருப்பதே தெரியவில்லை, காற்றின்மேல் உட்கார்ந்து போவது போல. பிரேக்கை நான் விடவே இல்லை. (சோதனைக்காக என்று சொல்லிக்கொண்டேன். பயம்தான்.) இரண்டாம் முறை. மூன்றாம் முறை பாதி வழியில் ஒரு வாசனை, புது பெயின்டைத் தோசைக்கல்லில் வார்த்த மாதிரி. பிரேக் பிடி என் விரலுக்குள் நாடி போலத் துடிக்க ஆரம்பித்தது. உயிர் வந்துவிட்டது இதற்கு, ஆன்மா, ஆன்மா என்று புல்லரித்தது எனக்கு. நான் குனிந்து பார்த்தபோது பிரேக் கவ்வும் விளிம்பு பூரி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது.

டயர் வெடித்த சத்தத்தில் கழிமுகத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பின. ரோடு முடிகிற இடத்தில், மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, பொம்பில் மீனை வாய் கோத்து வரிசை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். முதல் வரிசை என் நெற்றியில், இரண்டாம் வரிசை வாயில், மூன்றாம் வரிசையோடு சேர்ந்து நான் தரையில். மீன்காரம்மா ஒருத்தி வந்து மராத்தியில் என் கண்பார்வை, வயது, டிரவுசர் மூன்றைப் பற்றியும் ஒவ்வொரு கேள்வி கேட்டாள். பிறகு குனிந்து, என் தலைமுடியில் தொங்கிய மீனை எடுத்து, ஊதி, மறுபடி கயிற்றில் மாட்டினாள்.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான். எல்லோரும் ஓடிவந்து என்னைத் தூக்கிய பிறகு, சார் சக்கரத்தைக் கையில் எடுத்தார். சூடான விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் பதிந்தது.

"இழை ஒண்ணும் அறல," என்றார். "அடுக்கினது நன்னாத்தான் இருக்கு. பிசின்தான் வேகல. சூடு சரியாக் குடுத்தேளாம்மா?"

"குடுத்தோம் சார். தாளு இருக்கு," என்று இசக்கி ஃபைலை நீட்டினாள். அந்த நிமிர்வை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயில் இன்னும் பொம்பில் உப்பு.

சார் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். இசக்கியிடம் கொடுத்தார். அவள் அப்போதுதான் முதல் முறை அதைப் பார்க்கிறாள். மேலிருந்து கீழே அவள் கண் ஒரு தடவை இறங்கியது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"பீரோ ஒரு நாளும் ஒரே நம்பர்ல நிக்காதுண்ணே," என்றாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அப்புறம் சார் பக்கம் திரும்பி, எங்க தப்புதான் சார் என்றாள்.

சார் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ரிம் தோற்றால் பரவாயில்லை, இன்னொன்று பண்ணலாம் என்றார். "ஆனா தாள்ல பொய் எழுதற எடத்துல நான் சக்கரம் வாங்க முடியாதும்மா. இதுமேல ஒரு மனுஷன் ஏறி உக்காருவான்." சொல்லிவிட்டு மிச்ச இரண்டு சக்கரங்களையும் எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். இசக்கி முழங்கையைச் சுரண்டத் தொடங்கினாள். அங்கே பிசின் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அந்தச் சுரண்டலைப் பார்த்த பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. நான்தான் சார் என்றேன். அன்று அவர்கள் யாரும் பட்டறையிலேயே இல்லை, தாளை எழுதியது நான், கதவைத் திறந்ததும் நான் என்றேன்.

"எத்தனை தடவை தொறந்தேள்?"

"முப்பது… நாற்பது இருக்கும்."

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"என்னத்தைப் பாக்கறதுக்கு?"

"அழகா இருந்தது சார்."

பனியன் முழுக்க மீன் செதிலோடு, இறுக்கமான டிரவுசரில், நாற்பத்து மூன்று வயதில், நடுரோட்டில் நின்று இதைச் சொன்னேன். ஒரு கொக்கு திரும்பி வந்து உட்கார்ந்தது. சுடலை இருமுவது போல ஏதோ செய்தான். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபைலை மறுபடி வாங்கி, மற்ற இரண்டு ரிம்களின் தாள்களைத் திருப்பினார். அவை இசக்கி எழுதியவை. கோணல் எழுத்து, பிசின் கறை. 117, 122, 119, 124. பாசால்ட் தாளில் நாலாவது கட்டத்தில், 'கரண்டு போச்சு. 61க்கு வந்துட்டு. முதல்லேந்து மறுபடி' என்று எழுதி, அதுவரை எழுதியதை அடித்துவிட்டு, புதிதாகப் பதினாறு கட்டம் போட்டிருந்தாள். அதைப் படித்துக்கொண்டே சார் கட்டின கயிற்றை ஒரு கையால் அவிழ்த்தார்.

அந்தத் தாளை அவர் தோளுக்கு மேலாக நானும் படித்தேன். எந்த அலங்காரமும் இல்லாமல், நடந்தது நடந்தபடி. எனக்கு அப்படி ஒரு பக்கம் எழுத வராது.

திரும்பிப்போயிருந்த ஹேண்டில்பாரை முழங்காலுக்கு நடுவே இடுக்கி நேராக்கினார்கள். கண்ணாடி ரிம்மைச் சுடலை பத்து முறை இறக்கினான். தாங்கியது, ஆனால் திருப்பத்தில் வண்டி கொழகொழவென்று போகிறது என்றான். பாசால்ட்டை ஓட்டக் கடை ஆள் எழுந்தார். இசக்கி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நான் செஞ்சது. நானே ஓட்டுதேன்," என்றாள்.

தாராவிச் சந்துகளில் லாரி, கைவண்டி, ஆடு எல்லாவற்றுக்கும் நடுவே சைக்கிள் பழகியவள். சரிவில் அவள் இறங்கியதைப் பார்த்தபோதுதான் கதவைத் திறந்து திறந்து நான் எதைத் தேடினேன் என்று தெரிந்தது. கல்லில் நெய்த சக்கரம், காலை வெயிலில் தேன் நிறமாகச் சுற்ற, பிரேக் சன்னமாக முனக, என் தங்கை உலகத்தின் உச்சியிலிருந்து இறங்கி வருவதுபோல் வந்துகொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது முறை மீன்காரம்மாவும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். பத்தாவது முறை இறங்கி நின்றதும் சார் விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சுர்ரென்று ஆவியாயிற்று. நகத்தை வைத்து அழுத்தினார். எடுத்தார். ஒரு கோடுகூட இல்லை.

அங்கேயே சைக்கிள் சீட்டின்மேல் வைத்துப் படிவத்தை நிரப்பினார். 'ஆன்மா' கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. என் ஒட்டுத்தாளைத் திருப்பினார். ஒன்றரைப் பக்கத்தையும் படித்தார். (தரை பிளக்காதா என்று பார்த்தேன். பாசால்ட், பிளக்காது.) பிறகு அந்தக் கட்டத்தில், மூன்று இழைக்கும் நேராக, ஒரே சொல்லை எழுதினார்: 'பிசின்.'

ஆர்டர் வந்தது. பாசால்ட் ரிம், வருஷம் முழுக்க. அந்த நான்கு பெண்கள் இப்போது ஆறு பேர். கணபதி கரைந்த மறுநாளும் பட்டறையில் குச்சிகள் சுற்றுகின்றன. சார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: சூடு ஏறிக்கொண்டிருக்கும்போது பீரோ பூட்டியிருக்க வேண்டும். தாம்பாளத்தில் வைத்து நான் கொடுத்த அதே சாவி, அன்றிலிருந்து இசக்கியின் கழுத்துச் செயினில் தொங்குகிறது. நான் பட்டறைக்குள் கால் வைத்தால் அவள் கை தானாக அதன்மேல் போகும்.

குடும்பத்தில் என் பெயரும் மாறிவிட்டது. போன வருஷம் டாக்டர் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு நூற்று ஐம்பத்தெட்டு என்று முகத்தைச் சுளித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கோமதி, "நூத்தியிருபதுன்னு எழுதிக்கோங்க டாக்டர், இவர் அப்படித்தான் எழுதுவார்," என்றாள். கல்யாண வீடுகளில் சுடலை என்னைப் புது ஆட்களுக்கு, "எங்க மச்சான், நூத்தியிருவது," என்றுதான் அறிமுகம் செய்கிறான். ஏதோ போலீஸ் நம்பர் என்று அவர்கள் மரியாதையாகக் கும்பிடுகிறார்கள்.

எனக்கு ஐம்பது முடிந்தபோது தங்கை வீட்டிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் வந்தது. பிரித்தால், அந்தக் கார்பன் ரிம். உப்பின இடத்தை அப்படியே விட்டுவிட்டு, நடுவில் கடிகார மெஷின் பொருத்தி, சுற்றிலும் எண் ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டு இடத்திலும் 120.

எங்கள் செம்பூர் வீட்டு ஹாலில் அதுதான் மாட்டியிருக்கிறது. மணி என்ன என்று வருகிறவர்கள் கேட்டால் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்து, தயங்காமல் நூத்தியிருபது என்கிறார்கள். சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு மேல் பால்கனி வெயில் வந்து அதன்மேல் விழும். குறுக்கிழை மின்னி நெடுக்கிழை அணையும், இது அணைந்து அது மின்னும். அப்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி நின்று, மூக்கு உரச அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டதும் அடுக்களையிலிருந்து கோமதியின் குரல் வரும்.

"பாருங்க. தொறந்திராதீங்க."